மறுபத்தியம்



பிப்ரவரி இதழில் இந்த ஆசிரியர் பக்கம் வரவில்லை. அந்த இடத்தில் கடலை எண்ணெய் விளம்பரம் ஒன்று வந்திருந்தது. “முழுப்பக்க விளம்பரம் கிடைத்தால் ஆசிரியரையே தூக்கிவிடுவீர்களா?” என்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டாராம். தூக்கியது விளம்பரம் இல்லைங்கம்மா, சளி.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்விட்டுத் திரும்பிய இரவு ரயிலில் தொண்டை கரகரத்தது. மேல் பெர்த்காரருக்கும் இருமல்தான். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாது. மூன்றாம் நாள் 102 டிகிரி காய்ச்சல். நான்காம் நாள் மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தியது. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு. “நிமோனியாதாங்க. ஆனா சின்னது, பயப்படறதுக்கு இல்லை” என்றார் டாக்டர். சின்ன நிமோனியாவும் சின்னக் கடன் மாதிரிதான், வாங்கும்போது மட்டும் சின்னது.

இந்த வருடப் பொங்கல் எனக்கு வாசனையில்லாமல் போயிற்று. நெய்யும் ஏலக்காயும் மணந்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். எட்டாம் நாள் காய்ச்சல் முழுக்க விட்டது. மாத்திரை அட்டையும் காலியானது. அதற்கு இரண்டு நாள் கழித்துக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டேன். “இன்னும் நாலு நாள் படுத்திருந்தா என்னங்க, பத்திரிகை நின்னா போயிரும்?” என்று வீட்டில் கேட்டதற்கு, “எனக்குச் சரியாயிருச்சு” என்று சொன்னது நினைவிருக்கிறது.

அலுவலகம் மூன்றாம் மாடி. அன்றைக்கென்று லிஃப்ட் ஓடவில்லை. முதல் மாடி வரை ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாடித் திருப்பத்தில், பழைய இதழ்க் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், கால் நின்றுவிட்டது. ஒரு கட்டின் மேல் உட்கார்ந்தேன். மூச்சு உள்ளே போகிறது, போதவில்லை. நெஞ்சு தன்பாட்டுக்கு ஓடுகிறது. டீ கொண்டுவரும் பையன் மேலே ஏறும்போது என்னைப் பார்த்தான். டம்ளர்களோடு இறங்கும்போதும் அதே இடத்தில் பார்த்தான். “என்னங்க சார், கட்டு எத்தனைன்னு எண்ணறீங்களா?” என்றான். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், நாட்களை. வெள்ளியங்கிரிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருந்தது.

வெளியூர் வாசகர்களுக்கு: கோவைக்கு மேற்கே பூண்டியில் தொடங்கி ஏழு மலை ஏறிப் போய்ச் சாமி கும்பிடும் இடம் வெள்ளியங்கிரி. பிப்ரவரியிலிருந்து மே வரைதான் வனத்துறை மேலே விடும். ஒரு வழிக்கு ஆறு கிலோமீட்டர் என்பார்கள். அதைக் கேட்டு ஏமாறக்கூடாது, முதல் மலையே மூச்சு வாங்க வைக்கும் படிக்கட்டு. உச்சி கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி. ராத்திரி ஏறத் தொடங்கினால் விடியும்போது ஏழாவது மலையில் நிற்கலாம். அங்கே அடிக்கிற காற்றில் பல் தந்தியடிக்கும். நாங்கள் பதினோரு பேர், வருடம் தவறாமல் போகிறவர்கள். மூங்கில் தடிகள்கூட எங்கள் வீட்டுப் பரண்களில் பழசு பழசாகக் கிடக்கின்றன.

இதழ்க் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு கடிதம் ஞாபகம் வந்தது. சொல்லப்போனால் அந்தக் கடிதத்துக்கு நான் எழுதிய பதில்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தப் பக்கமே.

போன செப்டம்பரில் அமெரிக்காவின் டென்வரிலிருந்து நம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஈரோட்டுப் பக்கத்துக்காரர், அங்கே போய் இருபது வருடம் ஆகிறது. அலுவலக நண்பர்களோடு சேர்ந்து மலை வேட்டைக்குப் போகிற பழக்கம் வந்திருக்கிறது. அவர் இருக்கும் கொலராடோவில் எல்க் என்று ஒரு மான் உண்டு. நம் கடமானுக்குப் பெரியண்ணன், நல்ல கிடா முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். அதை வேட்டையாடப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றிதழ் வேண்டும், அரசாங்க அனுமதிச் சீட்டு வேண்டும். நல்ல பகுதிகளுக்கான சீட்டைக் குலுக்கலில்தான் கொடுப்பார்கள். சிலர் வருடக்கணக்காகக் காத்திருப்பார்கள். இவருக்கு அந்த வருடம் விழுந்துவிட்டது. அக்டோபர் நடுவில் புறப்பாடு. ஆனால் ஆகஸ்டு கடைசியில் நிமோனியா வந்து மருத்துவமனையில் நான்கு நாள் கிடந்திருக்கிறார். “இப்போது காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும் இருக்கிறது. போகலாமா? நீங்கள் மலையேறுகிறவர் என்பதால் கேட்கிறேன்” என்று எழுதியிருந்தார்.

வேட்டை பற்றி நம் பத்திரிகையில் எழுதலாமா என்று உதவி ஆசிரியர் முகத்தைச் சுளித்தார். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம், சரியான குற்றம். வரையாட்டைச் சுட்டுத் தீர்த்த கதை நமக்கே போதுமானது. ஆனால் அவர் இருக்கும் ஊரில் அது எண்ணிக் கொடுத்த உரிமை, கட்டணம் கட்டிய உரிமை. கேள்வியும் மானைப் பற்றியது இல்லை, மூச்சைப் பற்றியது.

நான் யோசிக்கவே இல்லை. இரண்டே வரியில் பதில் போட்டேன்: “தாராளமாகப் போய் வாருங்கள். மலைக்காற்று பட்டால் மார்ச்சளி தன்னால் ஓடிவிடும்.”

நவம்பரில் அவருடைய இரண்டாவது கடிதம் வந்தது. பத்தாயிரம் அடியில் கூடாரம் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் சமாளித்திருக்கிறார். இரண்டாம் நாள் ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. பழைய இருமல்தான் என்று பேசாமல் இருந்திருக்கிறார். விடிவதற்கு முன் நண்பர் விளக்கடித்துப் பார்த்தபோது உதடு நீலம். அப்படியே வண்டியில் போட்டுக் கீழே இறக்கி, அடிவார ஊரில் ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். கடிதத்தில் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “உங்கள் பதிலைப் பையிலேயே வைத்திருந்தேன்” என்று மட்டும் எழுதியிருந்தார். படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் வைத்தேன். பதில் எழுதவில்லை. ஜனவரியில் மாடிப்படியில் மூச்சு நின்றபோதுதான் அந்தக் கடிதத்தை நான் முழுசாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

மலைக்காற்று நல்லது என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தது? தேடிப் பார்த்தால் விஷயம் நம் ஊர் வாசலிலேயே இருக்கிறது. 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு ஏறினார். குளிரைப் பார்த்துச் சொக்கிப்போனவர், சுவிட்சர்லாந்து மாதிரி இருக்கிறது என்று எழுதினார். பிறகு சமவெளியில் காய்ச்சலில் விழுந்த வெள்ளைக்கார அதிகாரிகள் உடம்பு தேற மலைக்கு வரத் தொடங்கினார்கள். குன்னூருக்குப் பக்கத்தில் ஜெகதளாவில் 1850களில் பட்டாளத்துக்குக் கட்டடங்கள் எழுந்ததும் நோயில் விழுந்த சிப்பாய்கள் தேறுவதற்காகத்தான். பின்னால் அதற்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தார்கள். தேறியவர்கள் சும்மா இருக்கவில்லை, துப்பாக்கியை எடுத்தார்கள். கடமானும் வரையாடும் குறைந்துபோய், வேட்டைக்காரர்களே பயந்து 1877இல் ஒரு சங்கம் வைத்து, 1879இல் சட்டமும் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஆக, நோய், மலை, வேட்டை மூன்றும் நம் நீலகிரியில்தான் ஒரே கயிற்றில் முடிச்சுப் போடப்பட்டன.

இந்தக் கதையில் எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு துண்டு உண்டு. அந்த நோயாளி துரைகள் எப்படி மலைக்குப் போனார்கள்? பல்லக்கில் போனார்கள், தூக்கு நாற்காலியில் போனார்கள், மாட்டு வண்டியில் போனார்கள். ஏறியது அவர்களுடைய நுரையீரல் இல்லை, தூக்கியவனுடையது. மேலே போனதும் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார்கள். துப்பாக்கி அதற்கப்புறம். நாம் அந்த மாதக்கணக்கை மறந்துவிட்டு, காற்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டோம்.

சென்னையில் மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்ற ஸ்டேஷனைத் தினம் கடக்கிறார்கள். டாக்டர் சௌரி முத்து 1928இல் அங்கே காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையின் பெயர் அது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, படுக்கை என்பதுதான் அந்தக் காலத்து வைத்தியம். வேறு மருந்து கிடையாது. மருந்துகள் வந்த பிறகு, 1956இல் சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம் வைத்து, காசநோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் காற்றோட்டமும் சத்துணவும் ஓய்வுமாக இருந்தது. இன்னொரு பிரிவு சென்னையின் நெரிசல் வீடுகளில், கிடைத்ததைத் தின்று, அதே மருந்தைச் சாப்பிட்டது. 1959இல் முடிவு வெளிவந்தபோது இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சென்னை ஆராய்ச்சி ஒரு பெரிய காரணம். குணமாக்கியது மருந்து, காற்று இல்லை. இதை நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பதில் கடிதத்தில் மலைக்காற்று என்று எழுதினேன் பாருங்கள்.

மலைக்காற்றில் உண்மையில் என்ன இருக்கிறது என்று நுரையீரல் மருத்துவர் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். எந்த உயரத்துக்குப் போனாலும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்குதான், குறைவதில்லை. குறைவது காற்றின் அழுத்தம். வெள்ளியங்கிரி உச்சியில் கடற்கரையைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொலராடோ வாசகரின் கூடாரத்தில் பத்தில் மூன்று பங்கு குறைவு. ஆரோக்கியமான நுரையீரல் வேகமாக மூச்சு வாங்கி அதை ஈடுகட்டிவிடும். சளி பிடித்துத் தேறிக்கொண்டிருக்கும் நுரையீரலுக்கு ஈடுகட்டக் கையிருப்பு கிடையாது.

இன்னொன்று, மூச்சுக்குழாயின் உள்சுவரில் நெல்நாற்று மாதிரி நுண்மயிர்கள் அசைந்து அசைந்து சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வைரஸ் வந்து போனால் அந்த நாற்றங்காலை உழுது போட்ட மாதிரி ஆக்கிவிட்டுப் போகும். திரும்ப முளைக்க வாரங்கள் ஆகும். அதுவரை துப்புரவுப் பணியாளர் இல்லாத தெருதான். அதனால்தான் காய்ச்சல் போய் மூன்று வாரம், எட்டு வாரம்கூட வறட்டு இருமல் நிற்கிறது. மலை உச்சியின் குளிர்ந்த, ஈரமில்லாத காற்று அந்தப் புண்ணின் மேல் பட்டால் குழாய் சுருங்கி இழுப்பு மாதிரி வரும். மார்ச்சளி ஓடிவிடும் என்று எழுதினேனே, அந்தக் காற்றுதான்.

எட்டாயிரம் அடிக்கு மேல் வேறொரு ஆபத்தும் உண்டு. நுரையீரலுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும், போகப் போகச் சளியில் ரத்த நுரை. மார்பில் ஏற்கெனவே தொற்று இருந்தவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல். இதில் உள்ள சூது என்னவென்றால், பழைய இருமலும் புதிய இருமலும் ஒரே மாதிரி இருக்கும். வாசகர் ராத்திரி முழுக்கப் பேசாமல் கிடந்தது அதனால்தான். லே, கயிலாயம் என்று கிளம்புகிற நம்மவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைக்க வேண்டும். மேலே ஓய்வில் இருக்கும்போது மூச்சு வாங்கினால், அது எந்த இருமல் என்று ஆராயக்கூடாது, இறங்க வேண்டும். ராத்திரியானாலும் இறங்க வேண்டும்.

இதயத்தைப் பற்றியும் சொன்னார். சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும், வெளியே தெரியாது. காய்ச்சலோடோ, விட்ட கையோடோ உடம்பை விரட்டினால் அங்கே போய் வெடிக்கும். வெள்ளியங்கிரியில் மூச்சுத்திணறியும் மாரடைத்தும் பக்தர்கள் இறந்த செய்திகளை நாமே அச்சிட்டிருக்கிறோம். இதய நோய், மூச்சு நோய் உள்ளவர்கள் ஏறவேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது அடுத்தவருக்குச் சொன்னது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம்.

“சரிங்க டாக்டர், எத்தனை நாள்?” என்றேன். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த ஒரு அட்டவணையைக் காட்டினார். பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு நிமோனியா வந்தவர்களுக்குச் சொல்லும் கணக்கு: ஒரு வாரத்தில் காய்ச்சல் போயிருக்க வேண்டும். நான்கு வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் நன்றாகக் குறைந்திருக்கும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சுவாங்கலும் குறைந்திருக்கும். மூன்று மாதத்தில் மற்றதெல்லாம் போயிருந்தாலும் அசதி மிச்சமிருக்கலாம். முழுக்கப் பழையபடி ஆக ஆறு மாதம்கூட ஆகும். நான் ‘சரியாயிருச்சு’ என்று சொன்னது அந்த அட்டவணையின் முதல் வரியில் நின்றுகொண்டு.

பக்கத்து அறையில் ஊதும் பரிசோதனை. மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொழில்நுட்பப் பெண் பந்தயக் கோழிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டார். “இழுங்க, இழுங்க, நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க! ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விட்றாதீங்க, இன்னும் இருக்கு, இன்னும் இருக்கு...” இன்னும் இல்லை. இருமிவிட்டேன். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை கண்ணில் பூச்சி பறந்தது. “உங்க வயசுக்கு இன்னும் கொஞ்சம் வரணுங்க சார். நாலு வாரம் கழிச்சு வந்து ஊதுங்க” என்றார். டாக்டர் அதே முடிவைத்தான் நாசூக்காகச் சொன்னார்: ஆறு வாரம் வரை மலை கிடையாது. ஆறு வாரத்தில் ஒரு எக்ஸ்ரே. அதற்குப் பிறகு படிப்படியாக.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். எண்பத்து நான்கு வயது. “இதைச் சொல்ல எதுக்கு அத்தனை காசு? மறுபத்தியம்னு ஒண்ணு இருக்குதுன்னு உனக்கு யாரும் சொல்லலியா?” என்றார்.

இந்தச் சொல்லை நான் எத்தனையோ வருடமாகக் கேட்கவில்லை. சித்த வைத்தியத்தில் சில மருந்துகளுக்குப் பத்தியம் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். மருந்து முடிந்த பிறகும் பத்தியம் முடியாது. எத்தனை நாள் மருந்து சாப்பிட்டோமோ அத்தனை நாள் மேற்கொண்டு காக்க வேண்டும். அதுதான் மறுபத்தியம். புளியும் கடுகும் நீக்குவதால் நுரையீரல் தேறுமா என்று என்னால் சொல்ல முடியாது, அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கு. நோய் போன நாள் ஒன்று, உடம்பு தேறிய நாள் வேறொன்று. நடுவில் உள்ள நாட்களுக்கு ஒரு பெயர் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

அம்மை போட்டால் தண்ணீர் ஊற்றுவதை யோசித்துப் பாருங்கள். நாள் பார்த்து, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரில் முதல் தண்ணீர். பிறகு இரண்டாம் தண்ணீர். மூன்றாம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பிள்ளை தெருவில் விளையாடப் போகலாம். பிள்ளைக்கு முதல் தண்ணீர் அன்றைக்கே ஓட வேண்டும் போலத்தான் இருக்கும். யாரும் அதைக் கேட்பதில்லை. “எப்படி இருக்குது?” என்று நோயாளியை விசாரித்து முடிவெடுக்காமல், நாளை எண்ணி முடிவெடுத்தார்கள். எனக்கு இப்போது அதில் நியாயம் தெரிகிறது. ஏனென்றால் நோயாளி பொய் சொல்வான். தெரிந்து சொல்ல மாட்டான், ஆசையில் சொல்வான்.

அதனால் நானும் எனக்கு மூன்று தண்ணீர் வைத்துக்கொண்டேன்.

முதல் தண்ணீர், சமதளத்தில் நடை. தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை போய்வர எட்டு நிமிஷம். கணக்கு நடக்கும்போது இல்லை, மறுநாள் காலையில். எழுந்ததும் நாடி பிடித்துப் பார்ப்பேன். வழக்கமாக 66. அது 78, 80 என்று நின்றால் நேற்று அதிகமாகிவிட்டது, இன்றைக்கு நடை இல்லை. கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை அலமாரியில் தேடி எடுத்து, கசிந்துபோயிருந்த பேட்டரியை மாற்றினேன். உங்கள் வீட்டிலும் எங்கோ ஒன்று கிடக்கும். உட்கார்ந்துகொண்டு 97 காட்டுவதைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூடாது. ஆறு நிமிஷம் நடந்துவிட்டு உடனே பார்க்க வேண்டும். எனக்கு 93க்கு இறங்கியது. மூன்று புள்ளிக்கு மேல் இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்றார்கள், சொன்னேன்.

இரண்டாம் தண்ணீர், மாடிப்படி. நான்காம் வாரத்தில். பேசிக்கொண்டே ஏற முடிகிறதா என்பதுதான் சோதனை. டீப் பையன் இதில் எனக்குக் கூட்டாளி. அவன் சினிமாக் கதை கேட்பான், நான் பதில் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சுக்கு நிறுத்தினால் அன்றைக்கு அந்தப் படியோடு சரி. இரண்டாம் மாடித் திருப்பத்தைத் தாண்டிய நாளில் அவனுக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்றாம் தண்ணீரை எண்ணூறுக்கும் மேற்பட்ட மருதமலைப் படிகளுக்கு ஒதுக்கி வைத்தேன்.

இதற்கிடையில் எங்கள் கூட்டம் புறப்படும் நாள் வந்துவிட்டது. எங்களைக் கூட்டிப் போகிற பெரியவர் நாற்பது வருடமாக ஏறுகிறவர். அவரிடம் போனில், “ரெண்டாவது மலை வரைக்குமாச்சும் வர்றனுங்க, அங்க இருந்து திரும்பிக்கறேன்” என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “ஏனுங்க, சிவனைக் கும்பிட வர்றீங்களா, சிவனடி சேர வர்றீங்களா?” என்றார்.

போகாமல் இருக்கவும் முடியவில்லை. பூண்டி வரை வண்டியில் போனேன். மற்ற பத்துப் பேரும் தடியைத் தட்டிக்கொண்டு ஏறிப் போனார்கள். நான் அவர்களுடைய செருப்பையும் பைகளையும் வைத்துக்கொண்டு அடிவாரத்திலேயே இருந்தேன். அத்தனை வருடம் போயும் அந்த இடத்தில் நான் ஒரு ராத்திரி சும்மா உட்கார்ந்ததில்லை. படியில் தடிகள் தட்டும் ஓசை மேலே போகப் போகச் சன்னமாகி, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நள்ளிரவுக்கு மேல் ஒரு இளைஞனை இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கிக் கொண்டுவந்து திண்ணையில் உட்கார வைத்தார்கள். முதல் மலையில் பாதி தாண்டவில்லையாம். “காய்ச்சல் இருந்துச்சா தம்பி?” என்று கேட்டேன். “போன வாரம் இருந்துச்சுங்க. மாத்திரை போட்டேன், சரியாயிருச்சு” என்றான். சுக்குக் காபி வாங்கிக் கொடுத்தேன். மூச்சு அடங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் அலுவலகம் வந்ததும் கொலராடோ வாசகருக்குப் பதில் எழுதினேன். மூன்று மாதம் தாமதமான பதில். மன்னிப்பை முதல் வரியில் வைத்தேன். போன வாரம் அவரிடமிருந்து பதில் வந்துவிட்டது. நுரையீரல் தேறிவிட்டதாம். அடுத்த குலுக்கலுக்கு விண்ணப்பம் போடுகிறாராம். வேட்டையில் மூச்சு வாங்குவது ஏறும்போது இல்லை என்று ஒரு விஷயம் எழுதியிருக்கிறார், அதை உங்களுக்கும் சொல்ல வேண்டும். எல்க் விழுந்த பிறகுதான் வேலையே. கறியை வெட்டிப் பிரித்து முதுகில் சுமந்து வண்டி வரை கொண்டுவர வேண்டும். ஒரு பின்தொடை மட்டும் முப்பது கிலோ பக்கம். நாலைந்து நடை. அதனால் இந்தத் தடவை ஜூனிலிருந்தே முதுகில் அரிசி மூட்டை கட்டி நடக்கப் போகிறாராம், முதல் வாரம் ஐந்து கிலோவில் தொடங்கி. மலைக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய் எட்டாயிரம் அடி ஊரில் தங்கிப் பழகிக்கொண்டு மேலே போவாராம். இடையில் காய்ச்சல் வந்தால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று எழுதி, அதன் கீழ் கோடு போட்டிருக்கிறார்.

என்னுடைய ஆறாவது வார எக்ஸ்ரேயில் திட்டு இல்லை. ஊதும் அறைப் பெண், “இப்பப் பரவால்லீங்க” என்றார். பிப்ரவரி கடைசி ஞாயிற்றுக்கிழமை மருதமலைப் படியில் ஏறினேன். இடும்பன் சன்னதியில் ஒருமுறை உட்கார்ந்தேன், மேலே போகும் வரை பேச்சு நிற்கவில்லை. மறுநாள் காலை நாடி 68. டாக்டர் அனுமதித்தால் ஏப்ரல் கடைசியில் வெள்ளியங்கிரி. மே முடிந்தால் பாதையை மூடிவிடுவார்கள். அனுமதிக்காவிட்டால் அடுத்த வருடம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். நோய்க்குப் பிறகான நாட்களை உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் எப்படிக் கணக்கு வைத்தார்கள்? எத்தனை தண்ணீர், எத்தனை நாள் கஞ்சி, எந்த நாளில் வயலுக்கு விட்டார்கள், யார் அதை முடிவு செய்தார்கள்? கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி அனுப்புங்கள். மே இதழில் நான்கு பக்கம் அதற்காக ஒதுக்கியிருக்கிறேன். கடலை எண்ணெய்க்காரருக்கும் சொல்லியாயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்